பின்பாட்டுக்காரருக்கு ஒரு பொன்னாடை

எங்கள் சனம் வந்து குடியேறிய மல்வேர்னில், எங்கள் அடுக்குமாடியின் சலவை அறையில்தான் அவரைத் தெரியும். எண்பது கடந்த அமெரிக்கர்; மகளோடு இருக்க எல்லை தாண்டி இங்கே வந்தவர். ஐம்பதுகளின் கடைசியில், மீசை அரும்பாத வயதில், ஓர் இசைத்தட்டுக் கம்பனிக்குப் பின்பாட்டுப் பாடியிருக்கிறார். கதிரை, மேசை விற்கும் தளபாடக் கடையின் பின்னறையில் தொடங்கிய கம்பனி அது. முதலாளிக்குச் சங்கீதம் தெரியாது. கதிரை பற்றி நல்ல ஞானம் இருந்ததாம். தட்டில் முன்பாட்டுக்காரரின் பெயர் மட்டும். இவருடைய குரல் அவருடைய குரலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. தன் பகுதியை மட்டும், மேலே யாரும் இல்லாமல், ஒரு மண்டபம் ஒருமுறை கேட்கவேண்டும். உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அவர் எனக்குச் சொன்ன ஆசை இவ்வளவுதான்.

எங்கள் முதியோர் சங்க ஆண்டுவிழாவுக்கு வருவதாக இருந்த அரசியல்வாதி கடைசி நேரத்தில் கைவிரித்தார். வாங்கிய பொன்னாடை மிஞ்சியது. செயலாளர் என்னிடம் வந்தார்.

“அண்ணை, உங்கட பில்டிங்கில ஒரு பாட்டுக்காரர் இருக்கிறாராம். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“பாட விட்டால்தான் வருவார்.”

“பாடட்டும். ஆர் மறிச்சது?”

யாரும் மறிக்கவில்லை. பேசினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துரையை வாழ்த்தி இன்னோர் உரை. பிறகு, ஓய்வுபெற்ற பள்ளி அதிபரான சங்கத் தலைவர், இணையத்தில் எடுத்த கம்பனி வரலாற்றைத் தளபாடக் கடையில் தொடங்கி வாசித்தார். பின்பாட்டுக்காரர்களை ஒருவரும் காது கொடுத்துக் கேட்காத கொடுமைக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். பின்பாட்டுக்காரர் பொன்னாடையோடு பக்கத்தில் இருந்தார். தமிழ் விளங்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

மண்டபக் காவலாளி வந்து நேரம் முடிந்தது என்றார். ஒலிபெருக்கிக்காரருக்கு மார்க்கம் நகரத்தில் ஒரு கலியாணவீடு, மைக்கைக் கழற்றினார். கதிரைகள் மடிந்தன. சனம் சாப்பாட்டு வரிசைக்கு நகர்ந்தது. இனிப் பாடலாம் என்று செயலாளர் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

பின்பாட்டுக்காரர் எழுந்து, இசைத்தட்டில் உள்ளபடியே பாடினார். இரண்டு சொல், நீண்ட ஓர் ஊங்காரம், பிறகு முன்பாட்டுக்காரருக்கான இடைவெளி. அந்த இடைவெளிகளில் கண்ணை மூடி, தொடையில் தாளம் தட்டியபடி காத்திருந்தார். குரல் எங்கும் தளரவில்லை.

சோறு போட்ட அன்ரி அகப்பையைக் கீழே வைத்தார். “பாவம், வரியெல்லாம் மறந்துபோச்சு.”

“வயசு போனால் உப்பிடித்தான்,” என்றார் வரிசையில் நின்றவர்.

தலைவருக்கும் இரக்கம் வந்தது. ஓர் இடைவெளியில் கைதட்டத் தொடங்கி, பாட்டை முடித்துவைக்கப் பார்த்தார். சனமும் தட்டியது. பின்பாட்டுக்காரர் கைதட்டல் ஓயும்வரை பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரை பாடினார்.

திரும்பும்போது காரில், பொன்னாடையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்டதா என்று விசாரித்தார். சாப்பாட்டு வரிசை முடியும்வரை கேட்டது, இப்போதும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் வீடு வரும்வரை தன் பகுதியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.