வீட்டு முன் அறையில் நிற்கும் பஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை. கம்பெனி பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி. அதற்கு முன்னால் வேன். அதற்கும் முன்னால்... தெரியவில்லை.

நின்ற இடம் என் வீட்டு வாசல். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தினமும் அங்கேதான் நிற்கிறது.

"இன்னாண்ணா, ரோட்டை இவ்ளோ பெருசு பண்ணியும் இப்படியே கீது?" — பின் சீட்டிலிருந்து ஃபிட்டர் முருகேசன்.

நான் இன்ஜினை அணைத்தேன்.

பீன்யா தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். எங்கள் தெரு முன்பு குறுகல். எதிரே தண்ணி லாரி வந்தால் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். லேட்டானால் கம்பெனி கேட்டில் எல்லாருக்கும் திட்டு. அந்தக் கோபத்தில் பஸ்ஸில் எல்லாரும் தெருவைத் திட்டுவார்கள். நானும் திட்டுவேன்.

ஒருநாள் கார்ப்பரேஷன் ஆட்கள் சிவப்பு பெயின்ட்டோடு வந்தார்கள். அவர்கள் போட்ட கோட்டில் என் வீட்டு முன் அறை முழுசாக ரோட்டுக்குப் போனது. அந்த அறையில்தான் என் மனைவி சாந்தி தையல் கடை வைத்திருந்தாள்.

"யோச்சனே மாடபேடிம்மா, ரோடு தொட்டதாகுத்தே" என்று கன்னடத்தில் சொன்னார் பெயின்ட் டப்பா பிடித்தவர். கவலைப்படாதீர்கள், ரோடு பெரிதாகும் என்கிறார்.

சாந்தி என்னைப் பார்த்தாள். "ரோடு பெரிசாகும். வீடு?"

"போகட்டும்" என்றேன்.

அவள் மிஷினைச் சமையல் அறையில் கொண்டுபோய்ப் போட்டாள். ரோடு பெரிதாகப் போகிறது என்று கேட்டு பஸ்ஸில் கை தட்டினார்கள்.

ரோடு வந்தது. கொஞ்ச நாள் பஸ் பறந்தது. கேட் திறக்கும் முன்பே போய் நின்றோம். வாட்ச்மேன் சிரித்தார்.

அப்புறம்? வேறு வழியில் போய்க்கொண்டிருந்த லாரி, வேன், கார் எல்லாம் இந்த ரோடு நன்றாக இருக்கிறதே என்று இங்கே வந்துவிட்டன. வரட்டும். ஆனால் தெருக்கோடியில் ரயில்வே பாலம். அதன் அடியில் போகிற வழி பழைய அளவுதான். ஒரு பஸ் நுழைந்தால் இன்னொன்று காத்திருக்க வேண்டும். அதை இடிக்கவும் முடியாது — மேலே ரயில் போகிறது.

தினமும் அதற்குள் புகுந்து போனவர்கள் நாங்கள். ரோடு அகலமானாலும் பாலம் அகலமாகாது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முன்பு ஒருவர் பின்னால் ஒருவர் நின்றோம். இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். அவ்வளவுதான் அகலம்.

சாந்திக்குத்தான் கஷ்டம். கடை போய்விட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்களுக்கும் ரோட்டைத் தாண்டி வரப் பயம். மிஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பேக்கிங் செக்‌ஷன் கௌரி ஜன்னல் வழியாகப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணா, இங்க ஒரு டெய்லர் அக்கா இருந்தாங்களே. எங்க போய்ட்டாங்க?"

"எங்கயும் போகலை. அவ கடை இருந்த எடத்துலதான் பஸ் நிக்குது. மிஷின் உள்ள சமையல் ரூம்ல இருக்கு, குடுத்தா தைப்பா."

"அது உங்க வூடாண்ணா?"

"மிச்சம் இருக்கிற வூடு."

முருகேசன் சிரித்தான். கௌரி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்தாள். கம்பெனி பக்கத்தில் தைக்கக் கொடுக்க எடுத்து வந்தாளாம்.

"இறங்கிக் குடுத்துட்டு வந்துடறேண்ணா."

"பஸ் நகர்ந்துடும்மா."

"எங்க நகரப் போவுது?"

இறங்கினாள். போனாள். கழுத்து எவ்வளவு இறக்கம் என்று இரண்டு பேரும் பேசியது எனக்கே கேட்டது. திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் லாரி அப்படியே இருந்தது.

மறுநாள் அதே இடத்தில் இன்னும் சில பெண்கள் எழுந்து இறங்கினார்கள். நான் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தி தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கும் பஸ் இங்க நிக்கும்ல?"

"நிக்கும்" என்றேன். இந்த ரோட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.