பீலிக்கு மேலே ஓர் எருக்குழி

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதன்முதலில் நான் பாடம் நடத்திய தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, முட்டிவலி கூடக் கூட வளர்ந்துகொண்டே வந்தது. இப்போது ரயில் பதுளை வரைக்கும் போவதால் சாக்குச் சொல்ல வழியில்லை. சென்ற ஐப்பசி முதல் வாரத்தில் கிளம்பிவிட்டேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். குறிக்க நினைக்காத ஒரு காரியமும் நடந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கம்பளையில் காலை பத்து மணிக்கு ஏறினால் மாலை ஐந்தே முக்காலுக்குப் பதுளை. மூன்றாம் வகுப்புக்கு மூன்று ரூபாய் இருபது சதம். முப்பது ஆண்டுகளுக்கு முன் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியில் ஒன்றரை நாள். வழியில் எல்ல என்ற ஊரில் இறங்கி, குளிருக்குத் தீ மூட்டி, வண்டிக்காரர்களோடு சோறு பொங்கிச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. இன்று அந்த இடத்தை ரயில் ஒரு கொட்டாவி விடுவதற்குள் கடந்துவிடுகிறது. தெமோதரையில் மட்டும் விழித்திருங்கள். நாம் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே ரயில் சுற்றி வந்து நுழைகிறது.

இரவு பதுளையில் தெரிந்த துணிக்கடைக்காரரின் மாடியில் தங்கினேன். மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு ஸ்பிரிங்வெளிப் பாதையில் போக ஒற்றை மாட்டு வண்டி ஒன்று பிடித்தேன். ஐந்து மைலுக்கு ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் காசிம் நானா என் குடையையும் பையையும் பார்த்தார்.

“வேற சாமான் இல்லையா மாஸ்டர்?”

“இவ்வளவுதான்.”

“அப்ப மாட்டுக்கு நீங்க மட்டுந்தான் பாரம். ஏத்தம் வந்தா எறங்கி நடக்கணும். காசு குடுத்தவரும் நடப்பாரு, காசு வாங்கினவனும் நடப்பான். அதான் இந்த ரோட்டுச் சட்டம்.”

அப்படியே நடந்தோம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதை. அக்கம்பக்கத்தார் அதைக் கருங்கல் தோட்டம் என்பார்கள்.

நான் அங்கே சேரும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தகரக் கொட்டகைதான் பள்ளி. முப்பது பிள்ளைகள். மலையிலிருந்து ஊற்றுநீரை மூங்கிலில் இறக்கும் பீலிதான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கெல்லாம் குடிநீர். அந்தப் பீலியைக் காட்டித்தான் ஒருநாள் பாடம் நடத்தினேன். “தண்ணீர் தானாகக் கீழே வருகிறது, கல்லை உருட்டினால் தானாகக் கீழே வருகிறது. அப்படியானால் எருவை எங்கே சேர்த்து வைக்க வேண்டும்?” பிள்ளைகள் ஒரே குரலில், “மேலே!” என்றார்கள். மேலே இருந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், இறங்கினால் போதும். அன்றே மேட்டில் இடம் பார்த்துக் குழி வெட்டினோம். அந்தப் பாடத்தைப் பற்றி எனக்குப் பல ஆண்டுகள் பெருமை இருந்தது.

இந்த நினைவோடு பீலியடிக்கு வந்து, கையைக் குவித்துக் குனிந்தேன்.

“ஐயோ, குடிக்காதீங்க! நேத்து மழையில கெட்டுப்போன தண்ணி!”

தகரக் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தவள் குடத்தைக் கீழே வைத்தாள். “வாத்தியாரய்யாவா? நான் வள்ளியம்மைங்க. செலேட்ட ஒடச்சுட்டு அழுவேனே!”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மைக்கு இப்போது நாற்பது வயது. லயத்துக்கு அழைத்துப்போய்ப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். புருஷன் கருப்பையாவின் வலது கை தேயிலை அரைக்கும் உருளையில் நசுங்கி நான்கு வருடமாகிறதாம். அவருக்கு வேலை இல்லை. இரண்டு மாடுதான் வீட்டுக்கு அரிசி. ஒன்று சினை. மழை தொடங்கியதும் லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. பீலியில் சாணி வாடை அடிப்பதைத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை கண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடுகள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்பது உத்தரவு.

பேசிக்கொண்டிருக்கையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை.

“நான் ரெண்டு தடவ சொன்னேன் வாத்தியாரே, அந்தக் குழிய மாத்துன்னு. இந்தப் பொம்பள கேக்குதா? எங்க வாத்தியார் காட்டின எடம், எங்கப்பா காலத்துலேருந்து அங்கதான் இருக்குன்னு முனியாண்டி கோயில் மாதிரி காவல் காக்குது!”

“அய்யா தப்பாச் சொல்லிக் குடுப்பாங்களா?” என்றாள் வள்ளியம்மை, என்னைப் பார்த்து.

நான் எழுந்து வெளியே வந்தேன். மேட்டுக்கு ஏறினேன். பீலிக்கு நேர் மேலே, அறுபது எட்டில், திறந்தவெளியில் குழி நிறைந்து கிடந்தது. என் காலத்தில் பள்ளித் தோட்டத்துக்கு வாரம் இரண்டு கூடை சாணிதான் சேரும். சுற்றிலும் காடு இருந்தது. இப்போது காட்டை வெட்டித் தேயிலை போட்டிருக்கிறார்கள். பெய்கிற மழை அப்படியே வழிகிறது. அன்று மூன்று மணிக்கு மழை பிடித்தது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பீலியடியில் நின்றேன். நாற்பதாவது நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாக வந்தது.

நனைந்துகொண்டே லயத்துக்கு வந்து ஒரு வடிகட்டியில் தேயிலைத் தூளைப் போடச் சொன்னேன். கொதிநீரை ஊற்றினேன். சாயம் இறங்கியது. மீண்டும் ஊற்றினேன், மீண்டும்.

“இப்போது வடிகட்டியில் இருப்பது என்ன?”

“சக்கைங்க,” என்றாள் வள்ளியம்மை.

“நல்லதெல்லாம்?”

“தேத்தண்ணியில.” சொல்லிவிட்டு வடிகட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். “அப்ப இத்தன வருஷமா நான் சுமந்தது சக்கையா?”

“ஆமாம். மழை கழுவி இறக்கிய சாயத்தைப் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். இடம் காட்டியவன் நான். தப்பு என்னுடையது, அம்மா.”

கங்காணி மீசையைத் தடவினார். “வாத்தியாரு தப்புன்னு ஒத்துக்கிட்டத இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றார். ஆனால் துரை பங்களாவுக்கு என்னோடு வந்தது அவர்தான். துரை வராந்தாவில் நின்றபடி கேட்டார். மாட்டை அனுப்பினாலும் பழைய எரு அங்கேயேதான் கிடக்கும், தண்ணீர் கெட்டுக்கொண்டேதான் இருக்கும் என்றேன். அது அவருக்கு உறைத்தது போலிருந்தது.

“சனிக்கிழமை மழையில நான் பீலி பாக்கும்,” என்றார். “தண்ணி கெட்டா, மாடு போகும்.”

வியாழனும் வெள்ளியும் வேலை. லயத்துக்கு ஒரு பக்கமாக, பீலிக்கும் ஓடைக்கும் தள்ளி, அவற்றின் பக்கம் சரியாத ஒரு தட்டையான இடம் கிடைத்தது. அடியில் புற்றுமண்ணைப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தோம். சுற்றிலும் முழங்கால் உயர வரப்பு. மேலே மானாப்புல் கூரை. கசிகிற நீர் தேங்க ஒரு சின்னக் குழி. அதை அள்ளி எருமேலேயே ஊற்றிவிடலாம். பழைய குழியை வழித்தெடுத்து, அதற்கு மேற்புறம் மழைநீர் விலகிப் போகக் கான் வெட்டினோம். கங்காணி இரண்டு ஆட்களைத் தந்தார். கருப்பையா இடது கையால் கூரை வேய்ந்தார். தண்ணீர் குடிக்கிறவர்கள் எல்லோரும் வேலை முடிந்து ஆளுக்கு நான்கு கூடை சுமந்தார்கள்.

சனிக்கிழமை இரண்டரைக்கு மழை. துரை குடையோடு வந்து நின்றார். நாற்பது நிமிடம் ஆனது. தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. வள்ளியம்மை என் முகத்தைப் பார்க்கவில்லை, பீலியையே பார்த்தாள். ஐம்பது நிமிடம், அறுபது. மஞ்சள் மெல்ல மெல்லத் தெளிந்தது. துரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். குடிக்கவில்லை.

“தை மாசம் வரைக்கும் மாடு இருக்கும். அப்ப மறுபடியும் பாக்கும். அதுவரைக்கும் தண்ணி காய்ச்சிக் குடி.”

அவர் போன பிறகுதான் வள்ளியம்மை வாய்விட்டு அழுதாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது சரிங்கய்யா, காய்கறிப் பாத்தி மேலதான இருக்கு? இனிமே எருவ யாரு ஏத்துறது?” என்றாள்.

மறுநாள் ஒரு கூடையை நானே எடுத்தேன். நூற்றெண்பது எட்டு. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

“பாடத்துல ஏத்தம் லேசா இருந்துச்சு, இல்லீங்களா?” என்றாள் அவள் பின்னாலிருந்து.

எருவை மேலாகத் தூவாமல், சரிவுக்குக் குறுக்கே ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, உள்ளே இட்டு மண்ணால் மூடினோம். இப்படிச் செய்தால் பாதி எருவே போதும் என்றேன். பாதிச் சுமைதான் என்றதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

இனி, போகிறவர்களுக்கு. ஐப்பசியில் காலை நேரம் தெளிவாக இருக்கும்; மழை பெரும்பாலும் பிற்பகலில். ஆகவே நடையைப் பன்னிரண்டு மணிக்குள் முடியுங்கள். அட்டைக்கு உப்பு முடிச்சு வேண்டும். வண்டி, சாப்பாடு உட்பட, போய்த் திரும்பிய ஏழு நாளுக்கு எனக்குப் பதினான்கு ரூபாய் ஆயிற்று. எந்தத் தோட்டத்திலும் பீலித் தண்ணீரைக் குடிக்குமுன் மேலே ஏறிப் பாருங்கள். மாடு வைத்திருப்பவர்கள், எருவுக்குக் கூரை போடுங்கள். பெருமழைக்கு முந்தின நாள் எரு இடாதீர்கள். ஓடைக்கரையில் பத்து எட்டு விட்டு இடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கருங்கல் தோட்டத்துக்குப் பிறகு லுணுகலைப் பக்கம் இரண்டு தோட்டங்களிலும் வெலிமடைப் பக்கம் ஒன்றிலும் வேலை பார்த்தேன். மூன்றிலும் இதே பாடத்தை இதே பீலி உதாரணத்தோடு நடத்தியிருக்கிறேன். மூன்று இடத்துக்கும் கடிதம் எழுதிவிட்டேன்; நேரில் போக முட்டி இடம் கொடுக்கவில்லை. மார்கழி மழை முட்டிவலிக்காகக் காத்திருக்காது. அந்தப் பக்கம் போகிற யாராவது பீலிக்கு மேலே எருக்குழியைக் கண்டால் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் வாத்தியார் காட்டின இடம் என்று அவர்கள் மறுத்தால், அந்த வாத்தியாரே மாற்றச் சொன்னார் என்று சொல்லுங்கள்.