பவர்பேங்க் கையில் இருக்கட்டும்

இன்று காலை மும்பையிலிருந்து மதுரைக்கு விமானம். பாதிப் பேர் தாராவிக்காரர்கள், ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போகிறவர்கள்.

“பவர்பேங்கை மேலே பையில் வைக்கக் கூடாது” என்று பணிப்பெண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் திரும்பத் திரும்ப அறிவித்தார். ஒருவரும் அசையவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்து இருக்கை அக்கா அவரைக் கூப்பிட்டு, ஏன் வைக்கக் கூடாது என்று பம்பாய் இந்தியில் கேட்டார்.

பைக்குள் பேட்டரி சூடாகிப் புகைந்தால் யார் கண்ணிலும் படாது, கையில் இருந்தால் உடனே தெரிந்துவிடும், அணைத்துவிடலாம் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார்.

அக்கா எழுந்து நின்றார்.

“ஏ, எல்லாரும் கேளுங்க! பவர்பேங்கை எடுத்துக் கையில வச்சுக்கிடுங்க. மேல கெடந்து புகைஞ்சா ஒருத்தருக்கும் தெரியாதுல்லா!”

அவ்வளவுதான். தலைக்கு மேலிருந்த கதவுகள் படபடவெனத் திறந்தன. முறுக்கு டப்பாவுக்கு அடியிலிருந்தெல்லாம் பவர்பேங்க் வந்தது. அக்கா பையிலிருந்தே இரண்டு. பணிப்பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

காரணம் சொன்னால் நம் ஆட்கள் தங்கம்.

ஆனால் மதுரையில் சக்கரம் தரையைத் தொட்டதுமே அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்காதான் முதலில்.

இதற்கு என்ன காரணம் சொல்லி உட்கார வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.