பாதியை மட்டும்

"கையைக் கழுவினியா?" என்று கேட்காமல் என் அக்கா யாரையும் உள்ளே விட்டதில்லை, ஆய்வகமானாலும் சரி, வீடானாலும் சரி. முதன்முதலில் வீடு தேடி வந்த அத்தானையும் அப்படித்தான் கேட்டாளாம். மனிதர் கழுவித் துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் காதலைச் சொல்ல முடிந்தது.

எலி மூளையிலிருந்து எடுத்த நரம்புச் செல்களைத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. ஒரு செல் ஏதோ ஒரு புரதத்தைக் கசியவிடும். பக்கத்துச் செல் அதை உணர்ந்து கிளை நீட்டும். இரண்டும் நெருங்கும் இடத்தில் இணைப்பு உண்டாகும். பேச்சு தொடர்ந்தால் இணைப்பு பலப்படும், நின்றால் வற்றிப்போகும். அக்கா சொன்னால் இதெல்லாம் சம்பந்தம் பேசுகிற மாதிரியே இருக்கும். "ரெண்டும் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு. கெடுத்துடாத. மூச்சை அந்தப் பக்கம் விடு."

செல்கள் குடிக்கும் இளஞ்சிவப்புத் திரவம் பழசானால், பாதியை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் புதிது விடுவாள். புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒருநாள் மொத்தத்தையும் மாற்றிவிட்டார். இணைப்புகள் சுருங்கிவிட்டன. அக்கா பிடித்துக்கொண்டாள்.

"அது அழுக்குத் தண்ணி இல்லீங்க! இத்தனை நாளா அதுங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிட்டதெல்லாம் அதுலதான் இருக்கு. மொத்தமா கொட்டிட்டா, பாவம், அதுங்க யாரைப் போய்த் தேடும்?"

அவர் அடுத்த இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

அம்மா போன பிறகு அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவளும் இவள்தான். ஒரு குறை சொல்ல முடியாது. புதுக் கட்டில், புது மெத்தை, புது ரேடியோ, செருப்புகூடப் புதிது. அப்பா கொண்டுவந்த சாமான்களில் நாற்காலி பழைய சாமான் கடைக்குப் போனது. மீதியை மூட்டை கட்டி, யாருக்காவது கொடுக்கலாம் என்று கார் டிக்கியில் போட்டுவைத்தாள். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக 'ம்' என்ற அளவுக்கு வந்துவிட்டார்.

அக்கா பயந்துபோனாள். அவள் பயமும் அறிவியல்பூர்வமாகத்தான் இருக்கும். "மூளையில இணைப்பெல்லாம் விட்டுப்போகுதுடா. அம்மாவையே மறந்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்று கண் கலங்கினாள். ஸ்கேனுக்கு நாள் குறித்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, கை கழுவிய பிறகுதான், அப்பாவுக்கு ஞாபகப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"அப்பா, இது யார் ரூம்?"

அப்பா அறையைச் சுற்றிலும் பார்த்தார்.

"என் ரூம்னு சொல்ற. எல்லாம் புதுசா நல்லாத்தாம்மா இருக்கு. உங்கம்மா உசுரோட திரும்பி வந்தாகூட, யாரோ எவரோன்னு வாசலோட போயிடுவா."

மறதிக்காரர் பேசுகிற பேச்சா அது? அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"மொத்தத்தையும் மாத்திட்டேன்டா" என்றாள் என்னிடம், மெதுவாக. கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

மூட்டையோடு வந்தாள். அதிலிருந்து அம்மாவின் போர்வையை உருவினாள். ஓரத்தில் தைலக் கறை. பழக்கதோஷத்தில் நேராக வாஷிங் மெஷினுக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். போர்வை பாதி உள்ளே போயிருக்கும், அப்படியே நின்றாள். வெளியே இழுத்து ஒருமுறை முகர்ந்தாள். பிறகு மெஷின் கதவை முழங்காலால் சாத்திவிட்டு, துவைக்காத போர்வையை அப்பாவின் மடியில் விரித்தாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், கையைக் கழுவாமல்.