வெறும் அட்டையில் ஒரு முகடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆய்வாளருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'மோப்பம்'. சிகரெட்டை எந்திரத்தில் சொருகிப் புகைய விடுவது என் வேலை. புகை படிந்து பழுப்பாகிற வடிகட்டி அட்டையைச் சின்ன ஜன்னல் வழியாக அக்காவின் அறைக்குள் நீட்டுவேன். அந்தக் கறையில் புற்றுநோய் தரும் நைட்ரோசமைன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அக்காவின் வேலை.

அவர் யாரையும் லேசில் நம்பமாட்டார். சலவைக்காரர் சோப்பே போடுவதில்லை என்று சந்தேகப்பட்டு, வெள்ளைக் கோட்டை வீட்டுக்கே கொண்டுபோய்த் துவைத்து வருவார். கண்ணை மூடிக்கொண்டு நம்பியது கணவரை மட்டும்தான். ஒரு பக்க நுரையீரலை வெட்டி எடுத்த பிறகு சிகரெட்டைத் தலைமுழுகிய மனிதர்.

அந்த மாதம், புகையே படாத வெறும் அட்டையைச் சோதித்தபோதும் கருவியின் திரையில் நைட்ரோசமைனுக்கான முகடு எழுந்தது. வெறும் அட்டை சுத்தமாக இல்லாவிட்டால் மற்ற அளவெல்லாம் குப்பைதான். நாள் முழுக்கப் புகையில் நிற்பது நான்தானே; அக்காவின் பார்வை நேராக என்மேல் விழுந்தது.

"நான் சாப்பிடப் போறப்ப என் ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"எனக்கென்னக்கா அங்க வேலை?"

"கேட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

மேலாளரிடமும் போட்டுக்கொடுத்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு வேலை தேடிக்கொள் என்றார் மேலாளர். அக்கா அறையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். அப்புறமும் வெறும் அட்டையில் அதே முகடு, திரையில் குத்துக்கல் மாதிரி நின்றது.

விட்டேனா நான்? மேலாளரை வைத்துக்கொண்டே கேட்டேன். "உள்ள போனது நீங்க மட்டும்தானேக்கா? உங்க கோட்டைச் சோதிச்சுப் பாருங்களேன்."

"என் கையால வீட்ல துவைச்சதுங்க இது!" என்று பொரிந்தார். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் தன்னைக்கூட விடமாட்டார். கோட்டின் கைமுனையில் ஒரு துண்டு கத்தரித்து, கரைசலில் ஊறவைத்து, கருவியில் ஏற்றினார். முகடு இதுவரை பார்த்ததைவிட உயரமாக எழுந்தது.

மேலாளர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கட்டும் என்று நான் நின்றிருந்தேன். அக்கா கோட்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, என் கோட்டை எங்க காயப்போடுறீங்க?"

"பால்கனிலதான். ஏன்?" கணவர் குரல் எனக்கும் கேட்டது.

"நான் இந்தப் பக்கம் கிளம்பினதும் நீங்களும் அங்கதான் நிப்பீங்களா?"

மறுமுனையில் ஒரு இருமல்தான் கேட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மிச்சம் இருக்கறதே ஒண்ணுதானேங்க," என்றார் அக்கா.