மாமாவின் பெயரில் என் தொண்ணூற்று மூன்று ஓட்டங்கள்

கனடாவில் என் முதல் குளிர்காலம் முழுவதும் நான் கிரிக்கெட் விளையாடினேன். சிரிக்க வேண்டாம். மொன்றியலில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, காலில் இரண்டு சோடி காலுறையோடு இருந்து விளையாடினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நான் வெயிலில் நின்று பந்தை அடித்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணம் முடித்து, புருஷன் ஸ்பொன்சர் செய்ய வந்து இறங்கியவள் நான். அவர் எனக்கு முன்பே பல வருடங்களாக இங்கே இருந்தவர். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியவே மெற்றோ பிடித்து ஆற்றுக்குக் கீழால் போய்விடுவார். எனக்கு மத்தியானம் வரை பிரெஞ்சு வகுப்பு. அதற்குப் பிறகு வீட்டில் நானும் சுவரும்தான். சமைத்தால் ஒரு மணித்தியாலம் போகும். பிறகு என்ன செய்வது? நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது.

அந்தக் கணினிக் கிரிக்கெட் விளையாட்டை வாங்கியது எனக்காக இல்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வந்து விளையாட ஆசை. லவாலில் பெரிய கடைக்குள் போய்க் கேட்டோம். சுவர் முழுக்க ஐஸ் ஹொக்கி. இந்த வருட ஹொக்கி, போன வருட ஹொக்கி, சின்னப் பிள்ளைகளுக்கான ஹொக்கி. கிரிக்கெட் என்றதும் விற்பனைப் பெடியன் தோளைக் குலுக்கினான். கடைசியில் வேலைத்தலத்தில் யாரோ சொல்ல, இன்டர்நெட்டில் ஒரு கடையில் கணக்குத் திறந்து, கார்ட் இலக்கத்தைப் போட்டு வாங்கினார். பெட்டி வரவில்லை. இறுவட்டும் வரவில்லை. திரையில் ஒரு கோடு மட்டும் மெல்ல மெல்ல நிறைந்தது.

"கையில பிடிக்க ஒண்டும் இல்லை. காத்தையே காசு குடுத்து வாங்கினனீங்கள்?" என்று கேட்டேன்.

"இப்ப இதுதான் வழமை. உமக்கு விளங்காது," என்றார்.

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. பிறகு பல தடவை அவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஊரில் என் அண்ணாமார் விளையாடும்போது எனக்குக் கிடைத்த ஒரே வேலை, வேலிக்கு அங்கால் போன பந்தை எடுத்துவந்து கொடுப்பது. ஒருநாளாவது மட்டையைத் தொட விட்டார்களா? இல்லை. "பொம்பிளைப் பிள்ளை, கை முறிஞ்சால் யார் பதில் சொல்லுறது" என்பார்கள். முள்ளுக்குள் பந்து தேடும்போது மட்டும் கை முறியாதாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே, ஒரு பிற்பகல் அவருடைய கணினியைத் திறந்து, விளையாட்டைத் தொடங்கி, எனக்கென்று ஒரு ஆட்டக்காரனை உருவாக்கினேன். ஆட்டக்காரியை உருவாக்க அதில் வழி இல்லை. இருந்த ஆம்பிளைகளில் மீசை இல்லாத, கொஞ்சம் கட்டையான ஒருவனைத் தெரிந்தெடுத்து, தலைக்கவசத்தைப் போட்டு மூடிவிட்டேன். உள்ளே இருப்பது நான்தான் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

முதல் கிழமை ஒவ்வொரு பந்துக்கும் ஆட்டமிழந்தேன். இரண்டாம் கிழமை பந்து மட்டையில் படத் தொடங்கியது. ஒரு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தோற்கடித்தேன்.

"நான் வேலைக்குப் போக, நீர் வீட்டில இருந்து பயிற்சி எடுக்கிறீர். இது நியாயமே?" என்று அவர் புறுபுறுத்தார்.

"நான் கறியும் வைச்சுப்போட்டுத்தான் அடிக்கிறன்," என்றேன்.

ஆனால் ஐம்பது, அறுபதுக்கு மேல் நான் போனதில்லை. நூறு அடிக்க வேண்டும். ஒரே ஒரு நூறு. வேறு எதுவும் அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு நாக்கில் ஏறவில்லை, வேலை இல்லை, பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று தெரியாது. ஒரு விஷயத்திலாவது நூறு எடுத்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது.

அந்த நாளும் வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், தொட்டதெல்லாம் எல்லைக்கோட்டுக்குப் போகிறது. எழுபது, எண்பது, தொண்ணூற்று மூன்று. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கோயிலால் தெரிந்த குடும்பம் ஒன்று, ரொக்ஸ்பரோவில் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. சப்பாத்தெல்லாம் பனி. தேத்தண்ணி போட வேண்டும், பலகாரம் எடுக்க வேண்டும், புதுப்பெண்ணாக அடக்கமாக இருக்க வேண்டும். ஆட்டத்தை அப்படியே சேமித்துவிட்டு எழும்பினேன். தொண்ணூற்று மூன்று, நொட் அவுட். வந்தவர்கள் இரவுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் நல்லாயிருக்கட்டும்.

அடுத்த நாள் பூசையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தால், விளையாட்டு வரவில்லை. அறிவித்தல் ஒன்று வந்தது: உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொள்ளவும்.

"இஞ்சேருங்கோ! என்ர தொண்ணூற்று மூண்டு எங்க?" என்று நான் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையைத் தட்டினார்.

இந்த இடத்தில் எங்கள் பெயர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று, அவ்வளவுதான். இந்த நாட்டுக் காகிதங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விட முடியாது என்று தகப்பன் பெயரைக் கொண்டுபோய் அதற்குள் வைத்துவிடுவோம். பிறகு உலகமே எங்களைத் தகப்பன் பெயரால் கூப்பிடும். எங்கள் தபால் பெட்டியில் அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. இரண்டு அப்பாக்கள்தான் அங்கே குடியிருந்தார்கள்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை. வேலைத்தலத்தில் மேலாளர் ஏசும்போது, அவருடைய அப்பாவின், அதாவது என் மாமாவின், பெயரைச் சொல்லித்தான் ஏசுவானாம். "பெட்டியை விழுத்தினது நான். பேச்சு வாங்கிறது அப்பா," என்று பொருமுவார். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வைத்தியசாலையோ, வங்கியோ, யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் உடனே திருத்துவார்: அது என் பெயர் இல்லை, அது என் அப்பாவின் பெயர். ஒருவரையும் விடமாட்டார்.

வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எடுத்து, பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, கடைசியில் ஒருவன் வந்தான். நானும் கேட்கட்டும் என்று அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஆங்கிலத்தில் கதை நடந்தது. கார்ட்டில் பெயர் ஒரு ஒழுங்கில் இருக்கிறதாம், கணக்கில் மறு ஒழுங்கில் இருக்கிறதாம், சரிபார்க்க வேண்டுமாம். சின்னப் பிரச்சினைதான், இப்போதே திறந்துவிடலாம் என்றான். நான் மட்டையைக் கையில் எடுத்த மாதிரியே நின்றேன். பிறகு அவன், மாமாவின் பெயரைச் சொல்லி, "நான் இவரோடுதானே பேசுகிறேன்?" என்று கேட்டான்.

ஓம் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. இவர் வாயைத் திறந்தார்: "இல்லை. அது என் அப்பா."

"அப்படியா? கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. அவரோடு பேசலாமா?"

"அவர் இறந்துவிட்டார்."

அவன் குரலைத் தணித்து, "உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம்," என்றான். தட்டச்சுச் சத்தம் கேட்டது. கணக்கின் உரிமையாளர் இறந்துவிட்டதால் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டதாகவும், விதிகளின்படி அதில் வாங்கிய விளையாட்டுகள் பிள்ளைகளுக்குக்கூடப் போகாது என்றும் சொன்னான்.

"சேர், கணக்கு என்னுடையது. அவர் பெயர் என் பெயர். ஆனால் அது என் பெயர் இல்லை," என்று இவர் விளக்கத் தொடங்கினார். விளக்க விளக்க நிலைமை இன்னும் சிக்கலாகியது. அவன் இன்னொரு முறை வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிட்டான்.

நான் தொலைபேசியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: "உங்களுக்கு விசரே?"

"உண்மையைத்தானே சொன்னனான்," என்றார் பாவமாக.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டாம். மின்னஞ்சல் எழுதினோம். பதில் உடனே வந்தது, "துயருற்ற குடும்பத்தினருக்கு" என்று. நாங்கள் எழுதியதை ஒரு மனிதரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மறுபடி எழுதினோம். அதே கடிதம் மறுபடி வந்தது. தொலைபேசி எடுத்தால், இன்னொருத்தி மரணச் சான்றிதழை அனுப்பச் சொன்னாள். "ஆரின்ர மரணச் சான்றிதழ்? நான் இஞ்ச உயிரோட நிக்கிறன்!" என்று இவர் துள்ளினார். அப்படியானால் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் அனுப்பலாம் என்றாள். அனுப்பினோம். அனுப்பிய அடையாள அட்டையில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் யார் இருந்தார்? மாமா. இறந்தவரின் அட்டையை ஏற்றுக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே எடுக்கிறேன் என்று அவர்களுடைய பிரெஞ்சுச் சேவையின் இலக்கத்தை அழுத்தினேன். வகுப்பில் அந்தக் கிழமை தொலைபேசி உரையாடல்தான் பாடம். ஆசிரியை காய்கறிக்கடைக்கு எடுப்பது போலத்தான் பழக்கினார். நான் ஒரு தாளில் எழுதி, மனனம் பண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பொன்ஜூர். மொன் மரி நெ பா மோர்." வணக்கம், என் புருஷன் சாகவில்லை. இந்த நாட்டில் ஒரு அந்நியரோடு நான் பேசிய முதல் முழுப் பிரெஞ்சு வசனம் அதுதான்.

மறுமுனையில் இருந்த பெண் நன்றாகச் சந்தோஷப்பட்டாள். மிக நல்ல செய்தி, மடாம், என்றாள். ஆனால் கணக்கின் உரிமையாளர் இறந்துதான் இருக்கிறார், என்றாள். புதிதாக ஒரு கணக்குத் திறந்து, அதே விளையாட்டை மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னாள். மெர்சி சொல்லிவிட்டு வைத்தேன். கோபத்தில் அழுகை வந்தது. ஆனால் அவள் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

"புதுசா வாங்கித் தாறன், விடும்," என்றார் அவர்.

"அதில நான் பூச்சியத்தில இருந்து தொடங்கவேணும். என்ர தொண்ணூற்று மூண்டை ஆர் தருவினம்?"

அவர் ஹீற்றருக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தார். பிறகு சொன்னார்: "அவன் வருத்தம் சொன்னான், கவனிச்சனீரே? அந்த முதல் பெடியன்."

"எல்லாருக்கும் சொல்லுறதுதானே. அவங்களுக்கு எழுதிக் குடுத்திருப்பாங்கள்."

"ஓம். எண்டாலும், அப்பாவுக்காக எனக்கு இஞ்ச ஒருத்தரும் சொன்னதில்லை."

மாமா இறந்தபோது இவர் இங்கே வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஊரில் சண்டைக் காலம், போக வழியில்லை. செய்தி வந்த அடுத்த நாள் வேலைக்குப் போனார். அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கும் மேலாளர் மாமாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டானாம். இவர் நிமிர்ந்து பார்த்து, வாறன் என்றாராம். அன்றைக்குப் பிறகுதான் அந்தத் திருத்துகிற பழக்கம் வந்தது. இதை அவர் எனக்குச் சொன்னது அதுவே முதல் தடவை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட எவ்வளவு பாடுபட்டன். வராமலே போனார். இப்ப பாரும், கனடாவில அவரின்ர பேரில ஒரே ஒரு சொத்து இருக்கு. கிரிக்கெட்!"

"அவருக்குக் கிரிக்கெட் விருப்பமே?"

"சீ, ஒரு நாளும் பாத்ததில்லை. றேடியோவில கொமென்ற்றி போனாலே நிப்பாட்டிப்போடுவார்."

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். கீழ்வீட்டுக்காரர் மறுபடி தட்டினார்.

பனி உருகத் தொடங்கிய நேரம் மாமாவின் நினைவு நாள் வந்தது. அவர் பெயரைப் பூசைக்குக் கொடுத்திருந்தோம். பங்குச் சுவாமி பீடத்தில் நின்று இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். மாமாவின் பெயர் வந்தபோது, ஒவ்வொரு எழுத்தும் சரியாக, நிதானமாக வந்தது. பக்கத்தில் இவர் நிமிர்ந்து நின்றார். திருத்துவதற்கு வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

எல்லாரும் முழந்தாளிட்டார்கள். நான் மாமாவைக் கண்டதில்லை. படத்தில் பார்த்ததோடு சரி. அவரிடம் அதுவரை நான் எதுவும் கேட்டதும் இல்லை. அன்றைக்குக் கண்ணை மூடி, முதன்முதலாக அவரோடு கதைத்தேன்.

"மாமா, உங்கட கணக்கில நான் தொண்ணூற்று மூண்டில நிக்கிறன். இன்னும் ஏழுதான். உங்களுக்கு விளையாட்டுப் பிடிக்காதெண்டு தெரியும். எண்டாலும் அவசரப்படாமல், பந்தைப் பாத்து அடியுங்கோ."