நாடியை உயர்த்திய சித்தப்பா

எனக்கு ஒன்பது வயதில், ஒரு பள்ளிக்கூட விடுமுறைக்கு, அப்பா என்னைக் கிரேக்க நாட்டுத் தீவொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொன்றியலில், வில்லரேப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளைகள் கடலையும் மணலையும் நினைத்துப் பொறாமைப்பட்டார்கள். நாங்கள் போய் இறங்கியதோ மலைக்கு மேலே, கல்வீடுகளில் அரைவாசி பூட்டிக் கிடந்த ஓர் ஊரில்.

அங்கேதான் சித்தப்பா இருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர், அந்தத் தீவில் இறங்கி, திரும்பிக் கப்பல் ஏறவேயில்லை. ஊராரின் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு தனியாகவே இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் செபமாலை சொல்லி முடிய அவருக்கென்று ஓர் அருள்நிறை மரியே கூடுதலாகச் சொல்லுவோம்.

அவரை மொன்றியலுக்கு எடுப்பிக்கும் அலுவலை எங்கள் பங்குக் கோவில் மூலமாக அப்பா தொடங்கியிருந்தார். சித்தப்பா எங்களோடு ஏதென்சுக்கு வந்து கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. அதனால் தான் வேலை செய்த கிரேக்கச் சாப்பாட்டுக்கடையில் கெஞ்சி லீவெடுத்து அப்பா நேரே புறப்பட்டார். பிள்ளையை ஏன் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, இவளின் முகத்தைப் பார்த்தால் அவன் மாட்டன் எண்டு சொல்லமாட்டான் என்றார். என் முகத்துக்கு அப்படியொரு வேலை இருப்பது தெரிந்ததும், விமானத்தின் கழிவறைக் கண்ணாடியில் நான் சிரித்துப் பழகினேன்.

பழகியது வீண். சித்தப்பா என் தலையில் கைவைத்து, பாணும் ஆட்டுப்பால் சீஸும் தந்தார். தமிழில் ஒரு வசனம் தொடங்குவார், பாதியில் சொல் கிடைக்காமல் நிற்பார். அண்ணனும் தம்பியும் கல்மதிலில் இருந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா மொன்றியலில் இருந்து சுமந்து வந்த தடித்த நீலப் பனிக்கால ஜாக்கெட் எங்கள் பெட்டியிலேயே கிடந்தது.

ஊரில் ஒரு பிள்ளைகூட இல்லை. பள்ளிக்கூடம் பூட்டு. ஆட்டு மணிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நான் தனியே போய்க் கோவிலில் இருப்பேன். புகைபிடித்துக் கறுத்த படத்தில் மாதா இருந்தார். அந்த ஊரில் என் தமிழ் முழுதாக விளங்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்து, அவரோடு நிறையக் கதைத்தேன்.

கோப்பிக்கடைக் கிழவியிடம் ஒருநாள் கோலா கேட்டேன். அவர் தலையைப் பின்னே சாய்த்து, நாடியை மேலே உயர்த்தி, நாக்கால் "ட்ச்" என்றார். என்னவென்று கேட்கிறாராக்கும் என்று திரும்பவும் கேட்டேன். திரும்பவும் நாடி உயர்ந்தது. மூன்றாம் தரம் அவர் எழும்பிவந்து, வெறும் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். இல்லை என்பதை அங்கே அப்படித்தான் சொல்லுவார்களாம். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு எங்களோடை வாறாய்தானே?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பழகிய சிரிப்பைச் சிரித்தேன். அவர் பாணைக் கீழே வைத்தார். நாடியை உயர்த்தி, மெல்ல, "ட்ச்."

அப்பா கொஞ்ச நேரம் தம்பியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பிள்ளை, சித்தப்பா ஓம் எண்டிட்டார்."

அது இல்லை என்று அப்பாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னேரம் கோவிலுக்குப் போய், அப்பாவை ஏமாற்றியதற்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பெட்டிகளைச் சித்தப்பாதான் பஸ்வரை தூக்கிவந்தார். அவர் கையில் வேறொன்றும் இல்லை. பஸ் திரும்பும் வளைவுவரை அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மலை இறங்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது: நீல ஜாக்கெட் சித்தப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கியது.

"அப்பா, ஜாக்கெட்டை விட்டிட்டம்."

"கிடக்கட்டும். ஆடுகளை ஆரிட்டையும் குடுத்திட்டுப் பேந்து வருவான். வரேக்கை போட்டுக்கொண்டு வரட்டும்."

"ஓம் அப்பா" என்றேன். பாவம் அப்பா, ஒன்றும் தெரியாத மனிதர் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா வரவில்லை. அந்த மலையிலேயே அவரை அடக்கம் செய்துவிட்டதாகப் பிறகு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பதினாறு வயதானபோது, ஒரு பெரிய வெள்ளியன்று அப்பாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போக அவர் வேலை செய்த கடைக்குப் போனேன். குசினி வாசலில் நின்று அப்பா முதலாளியிடம் இரண்டு மணித்தியாலம் லீவு கேட்டார். அடுப்படியில் நின்ற கிரேக்க முதலாளி நாடியை உயர்த்தி, "ட்ச்." அப்பா இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஆணியில் கழற்றிப் போட்ட ஏப்ரனை எடுத்துத் திரும்பவும் கட்டிக்கொண்டார். நான் பிறக்க முன்னமே அவர் அந்தக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தவர்.

அன்றைக்கு நான் தனியேதான் கோவிலுக்குப் போனேன். இப்போது அப்பாவும் இல்லை. செபமாலை முடிய, கூடுதலாக இரண்டு சொல்லுகிறேன். அந்த மத்தியானம், தம்பியின் நாடி உயர்ந்து இறங்கிய பிறகு, அப்பா ஏன் என் பக்கம் திரும்பிச் சிரித்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவேயில்லை.